புதிய ஏர் பிஸ்டலுடன் முதல் நாள்: பழையதைவிடப் புள்ளிகள் குறைந்தது ஏன்?

மண்டபம் டீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். நான் மண்டபத்தில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. ஒன்றரை ஆண்டுகளாக வாரத்தில் மூன்று மாலைகள் பேருந்தேறி ராமநாதபுரத்துக்குச் சென்று, அங்குள்ள பத்து மீட்டர் சுடுதளத்தில் ஏர் பிஸ்டல் பயிற்சி எடுத்து வருகிறேன். இதுவரை கிளப்பின் பொதுத் துப்பாக்கியில்தான் சுட்டேன். பலர் கைப்பட்டுப் பிடி வழவழப்பாகிவிட்ட, டிரிக்கர் சற்று கனமான அந்தப் பழைய பிஸ்டலில் 60 குண்டுகளுக்கு 600-க்கு 535 முதல் 540 வரை வாங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், சிலிண்டரில் காற்று அடைத்துச் சுடும் புதிய பிஸ்டல் ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். கடந்த ஞாயிற்றுக்கிழமை அதை முதன்முறையாகச் சுடுதளத்துக்குக் கொண்டுபோனேன். அன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பெட்டியைத் திறந்து கையில் எடுத்ததுமே எடை குழாயின் பக்கம் கூடுதலாக இழுப்பதை உணர்ந்தேன். மொத்த எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவுதான் என்றாலும், கையை நீட்டியபோது பழைய துப்பாக்கியைவிடக் கனமாகத் தோன்றியது. வால்நட் மரப்பிடியின் சொரசொரப்பு உள்ளங்கையில் நன்றாகப் பதிந்தது. ஆனால் கட்டைவிரலின் அடியில் ஒரு சிறு பள்ளம்போல இடைவெளி இருந்தது. பழைய பிடியில் அப்படி ஒன்றை நான் உணர்ந்ததே இல்லை.

முதல் குண்டை நான் சுட்டேன் என்று சொல்ல முடியாது. கையை உயர்த்தி, கறுப்பு வட்டத்துக்குக் கீழே உள்ள வெள்ளைப் பகுதிக்கு இறக்கிக்கொண்டிருக்கும்போதே, விரல் பட்ட மாத்திரத்தில் அது வெடித்துவிட்டது. குழாய் இலக்கை நோக்கியே இருந்ததால் தீங்கு எதுவும் இல்லை. அட்டையில் 4 விழுந்தது. அதற்குப்பின் கவனமாகச் சுட்ட எட்டு சைட்டர் குண்டுகளும் (கணக்கில் சேராத சோதனைக் குண்டுகள்) இடப்புறம் கீழே, 7-க்கும் 8-க்கும் இடையில், ஓரளவு ஒன்றாகவே கூடியிருந்தன. உடனே குறிபார்க்க உதவும் பின் சைட்டைத் திருகி மேலும் வலப்புறமுமாக நகர்த்தினேன். பிறகு 60 குண்டுகளைச் சுட்டபோது பத்துப் பத்துக் குண்டுகளாக ஆறு சீரிஸ்களில் முறையே 88, 87, 86, 84, 84, 82, ஆக 511 வந்தது. குண்டுகள் இப்போது எல்லாப் பக்கமும் சிதறியிருந்தன. நன்றாக விட்டதாக நான் நம்பிய சில குண்டுகள் வலப்புறம் மேலே போயிருந்தன.

குறை துப்பாக்கியிலா, என் கையிலா? பிடியை இப்போதே ராவி என் கைக்கு ஏற்றபடி மாற்றலாமா? இன்னொரு கவலையும் உண்டு. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம்தான். ஜன்னல் கொக்கிகள்கூட ஓராண்டில் துருவேறி உதிர்ந்துவிடும். இந்த உப்புக் காற்றில் இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பொருளை எப்படிக் காப்பது?

கீழக்கரை காக்கா:

தங்கச்சி, இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு முதலில் நன்றி. சுட்ட பிறகு புள்ளியை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு யோசனை சொல்வது கடினம். நீங்கள் சீரிஸ் வாரியாகவும் குண்டு விழுந்த இடத்தோடும் எழுதியிருப்பதால் பாதி விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

உங்கள் துப்பாக்கியில் குறை இல்லை என்பதே என் கணிப்பு. எட்டு குண்டுகள் ஒரே இடத்தில் கூடின என்றால் குழாயும் பெல்லட் எனப்படும் சிறு குண்டும் ஒழுங்காக வேலை செய்கின்றன என்று பொருள். ஆனால் அந்தக் குரூப்பைப் பார்த்தவுடன் சைட்டைத் திருகியதுதான் அன்றைய தவறு. வலக்கைக்காரர்களுக்கு இடப்புறம் கீழே குண்டு போவது பெரும்பாலும் சைட்டினால் அல்ல. டிரிக்கரை அழுத்தும் கணத்தில் சுட்டுவிரலோடு சேர்ந்து மற்ற விரல்களும் இறுகுவதால் குழாயின் முனை அந்தப் பக்கமாகத் தாழ்கிறது. அந்தப் பிழைக்கு ஈடாகச் சைட்டை மேலும் வலப்புறமுமாக நகர்த்திவிட்டால், நீங்கள் சரியாகச் சுடும் குண்டெல்லாம் வலப்புறம் மேலேதான் போகும். நன்றாக விட்டதாக நம்பிய குண்டுகள் அங்கே போனதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கண்ணும் மனமும் அன்று சரியாகவே தீர்ப்பளித்தன. சைட்தான் இடம் மாறியிருந்தது. எத்தனை கிளிக் திருகினீர்கள் என்பது நினைவிருந்தால் அத்தனையையும் திருப்பி வையுங்கள்.

முன் சைட்டின் மேல் விளிம்பும் பின் சைட்டின் மேல் விளிம்பும் ஒரே கோட்டில், இருபுறமும் சமமான வெளிச்ச இடைவெளியுடன் நிற்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். இரண்டு சைட்டுகளுக்கும் இடையே சுமார் 32 செ.மீ. தூரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் சைட் அந்த இடைவெளியின் நடுவிலிருந்து 0.1 மி.மீ. விலகினாலே 10 மீட்டரில் குண்டு 3 மி.மீ. விலகிப் போகும், 0.3 மி.மீ. விலகினால் 9 மி.மீ. நம் அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் உள்ள தூரமே 8 மி.மீ.தான். பத்தின் வட்டம் 11.5 மி.மீ. விட்டம். இதற்கு மாறாக, சைட்டுகளின் ஒழுங்கு குலையாமல் கை முழுவதுமாக 3 மி.மீ. ஆடினால் குண்டும் அதே 3 மி.மீ. மட்டுமே விலகும். ஆகவே கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரிந்தால் தெரியட்டும். பார்வை முன் சைட்டின் மேல் விளிம்பை விட்டு அகலக் கூடாது. புதுத் துப்பாக்கி வாங்கிய நாளில் எல்லாருடைய கண்ணும் அட்டைக்கு ஓடும், ஒவ்வொரு குண்டும் எங்கே விழுந்தது என்று பார்க்கும் ஆவல் அப்படி. அந்த ஆவலைக் கட்டுப்படுத்த, அடுத்த இரண்டு வாரங்களுக்கு வெற்று வெள்ளை அட்டையில் சுடுங்கள். வட்டமே இல்லாத வெள்ளையில் குண்டுகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பதை மட்டும் பாருங்கள்.

அடுத்தது பிடி. கட்டைவிரலின் அடியில் இடைவெளி இருப்பதாகச் சொன்னீர்கள். என் பார்வையில் 88-இல் தொடங்கிய சீரிஸ் 82 வரை சரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பிடி கையை நிரப்பாதபோது கை தானாகவே இறுக்கிப் பிடித்து அந்தக் குறையை ஈடுசெய்யப் பார்க்கும், நாற்பதாவது குண்டுக்குள் முன்கை சோர்ந்துவிடும். என்றாலும் அரத்தைக் கையில் எடுக்காதீர்கள். ராவிய மரம் திரும்ப வராது. உள்ளங்கை முழுவதும் முகப் பவுடரைத் தடவி, சுடுவதற்குப் பிடிப்பதுபோலவே பிடித்து, ஐந்து விநாடி நின்று, கையை மெதுவாக எடுத்துப் பாருங்கள். மரத்தில் எங்கே வெள்ளை படிந்திருக்கிறது, எங்கே படியவில்லை என்று தெரியும். படியாத இடத்தில் முதலில் துணி பிளாஸ்திரியை இரண்டு மூன்று மடிப்பாக ஒட்டி ஒரு வாரம் சுடுங்கள். அது ஒத்துவந்தால் பிறகு மரப்புட்டி வைக்கலாம். உள்ளங்கையைத் தாங்கும் அடித்தட்டை இறுக்கமாக மேலே தள்ளி வைக்காதீர்கள். பிடிக்கும் தட்டுக்கும் இடையிலான கோணம் 90 பாகைக்குக் குறையக் கூடாது, மணிக்கட்டு தடையின்றி இருக்க வேண்டும் என்பவை போட்டி விதிகள்.

கடைசியாக ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்துங்கள், இரண்டு மூச்சு விட்டு நில்லுங்கள், பிறகு கண்ணைத் திறந்து சைட் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். குழாய் இலக்குக்கு வலப்புறமோ இடப்புறமோ நின்றால் மணிக்கட்டை வளைத்துச் சரிசெய்யாமல் பின்காலை நகர்த்திச் சரிசெய்யுங்கள்.

தேவிபட்டினம்:

காவல் துறையில் ஆயுதப் பராமரிப்புப் பிரிவில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவன் நான். கீழக்கரை நண்பர் சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். டிரிக்கரைப் பற்றி அவர் விரிவாகச் சொல்லாததால் அதை மட்டும் எழுதுகிறேன்.

பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் டிரிக்கர் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது விதி. பெரும்பாலான புதிய பிஸ்டல்கள் ஆலையிலிருந்து அந்த எல்லையை ஒட்டியே வருகின்றன. கிளப்பின் பழைய துப்பாக்கியில் அது எழுநூறோ எண்ணூறோ இருந்திருக்கக்கூடும். ஒன்றரை ஆண்டுகள் அந்தக் கனத்துக்குப் பழகிய விரல் புதிய டிரிக்கரைத் தொட்டதும் குண்டு போனதில் வியப்பில்லை. இதில் இரண்டு கட்டங்கள் உண்டு: முதல் கட்டத்தில் டிரிக்கர் எளிதாகப் பின்னால் வரும், பிறகு ஒரு சுவரில் முட்டியதுபோல நிற்கும், அந்தச் சுவரை அழுத்தும்போதுதான் குண்டு போகும். நீங்கள் அந்தச் சுவரை அன்று உணரவே இல்லை என்று நினைக்கிறேன். பிஸ்டலோடு வந்த கையேட்டைப் பார்த்து இரண்டாம் கட்டத்தின் எடையைக் கூட்டி மொத்தம் 600 கிராம் அளவில் ஒரு மாதம் வைத்திருங்கள் என்பது என் யோசனை. குறைந்தபட்ச எடைக்குத்தான் விதி. கூடுதலாக வைத்துக்கொள்ளத் தடை இல்லை. நண்பர் இதை மறுக்கலாம். ஆனால் தொட்டால் வெடிக்கும் என்ற அச்சம் ஒருமுறை விரலில் புகுந்துவிட்டால் அதைப் போக்க மாதக்கணக்காகும் என்பதை நான் பயிற்சி அளித்த எத்தனையோ பேரிடம் கண்டிருக்கிறேன்.

பணியில் இருந்த காலத்தில் 9 மி.மீ. பிஸ்டலை முதன்முறை சுடுகிற இளைஞர்களிடம் ஒரு சோதனை செய்வோம். சுடுபவர் அறியாதபடி மேகசினில் தோட்டாக்களுக்கிடையே ஒரு வெற்றுத் தோட்டாவைச் சேர்த்துவிடுவோம். அது வரும்போது சத்தமும் உதைப்பும் இருக்காது, ஆனால் குழாயின் முனை குபுக்கென்று கீழே குனியும். உதைப்பை எதிர்பார்த்துக் கை முன்கூட்டியே செய்யும் வேலை அது. ஏர் பிஸ்டலில் உதைப்பு அநேகமாக இல்லை என்றாலும் அதே குனிதல் உண்டு. உங்கள் பிஸ்டலில் பெல்லட்டும் காற்றும் இல்லாமல் டிரிக்கரை மட்டும் இயக்கும் டிரை ஃபயர் வசதி இருக்கும். வீட்டில் வெள்ளைச் சுவருக்கு எதிரே, குழாயில் பெல்லட் இல்லை என்பதை இருமுறை பார்த்து உறுதிசெய்த பிறகு, நாளுக்கு 30 முறை டிரை ஃபயர் செய்யுங்கள். டிரிக்கர் விழும் கணத்தில் முன் சைட் அசைகிறதா என்பதை மட்டும் கவனித்து, விழுந்த பிறகும் இரண்டு விநாடி அதே நிலையில் நில்லுங்கள். பெல்லட் விநாடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் போகிறது; வெடிமருந்தில் இயங்கும் .22 துப்பாக்கியின் தோட்டா அதைப்போல இரு மடங்கு வேகம். குழாயை விட்டு மெதுவாக வெளியேறும் பெல்லட்டுக்குக் கை அசையாமல் நிற்பது அதைவிட அவசியம்.

துப்பாக்கியைப் பிரித்துச் சேர்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச்சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி மதிப்புமிக்க நிமிடங்கள் வீணாயின, இறுதிச்சுற்று வாய்ப்பும் நழுவியது. அதே பத்து மீட்டர் பிரிவில் 2024-இல் பாரிஸில் அவர் வெண்கலம் வென்றார்.

பேருந்தில் கொண்டுபோகிறீர்கள் என்பதால் ஒரு குறிப்பு. 4.5 மி.மீ. துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் துப்பாக்கிக்கு 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. உங்களுடையது 6 ஜூல் அளவில்தான் இருக்கும். ஆனால் பார்ப்பவர்களுக்கு அது கைத்துப்பாக்கியே. பூட்டிய பெட்டி, வாங்கிய பில், கிளப் அடையாள அட்டை ஆகிய மூன்றும் எப்போதும் உடன் இருக்கட்டும். குழாய் காலியாக இருப்பதைக் காட்டும் பாதுகாப்புக் கயிற்றைக் குழாயில் செருகாமல் பெட்டியில் வைக்காதீர்கள்.

தொண்டி மோட்டார்:

டீச்சர் அவர்களுக்கு வணக்கம். விசைப்படகு எஞ்சின் பழுதுபார்ப்பது என் தொழில், ஆறு ஆண்டுகளாக ஏர் பிஸ்டல் சுடுகிறேன். உப்பையும் காற்றையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

துப்பாக்கியை அது வந்த பெட்டியிலேயே வைத்துப் பூட்டிவிடுவதுதான் நம் கரையில் எல்லாரும் செய்யும் பிழை. உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சு வியர்வையையும் கடல்காற்றின் ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் ஒரு வாரம் பெட்டியில் கிடந்த என் முதல் பிஸ்டலை எடுத்துப் பார்த்தபோது, ஸ்பாஞ்சு தொட்டுக்கொண்டிருந்த பக்கத்தில் மட்டும் மிளகுப் பொடி தூவியதுபோலத் துரு புள்ளி புள்ளியாக இருந்தது. ஸ்பாஞ்சு படாத மறுபக்கம் பளிச்சென்று இருந்தது. பெட்டி பயணத்துக்கு மட்டுமே. வீட்டுக்கு வந்ததும் எடுத்து உலர்ந்த துணியால் வியர்வையைத் துடைத்து, வெளிப்புற எஃகுப் பகுதிகளில் துப்பாக்கி எண்ணெய் தடவிய துணியால் ஒருமுறை நீவி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடியுள்ள பாத்திரத்திலோ அலமாரியிலோ பூட்டி வையுங்கள். காற்று போகும் பாகங்களிலும் ரப்பர் வளையங்களிலும் எஞ்சின் ஆயில், தேங்காய் எண்ணெய் என்று எதையும் விடக் கூடாது. சிலிக்கோன் கிரீஸ் மட்டுமே.

காற்று அடைப்பதுதான் இதைவிடப் பெரிய விஷயம். கைப்பம்பில் அடைக்கிறீர்களா? நம் ஊர்க் காற்று ஈரக் காற்று. அதை 200 பார் (காற்றழுத்த அளவு) வரை அழுத்தும்போது அதிலுள்ள நீராவி தண்ணீராகி சிலிண்டருக்குள்ளேயே தங்கிவிடும். ஓராண்டு கைப்பம்பில் அடைத்த என் சிலிண்டரைக் காலிசெய்து வாயைக் கீழ்நோக்கித் தட்டியபோது, வெள்ளைத் துணியில் பால் கலந்ததுபோல நான்கைந்து சொட்டுகள் விழுந்தன. அன்றிலிருந்து ஈரம் நீக்கும் வடிகட்டி வைத்த கம்பிரசரில் நிரப்பிய ஸ்கூபா சிலிண்டரிலிருந்துதான் அடைக்கிறேன். மிக மெதுவாக, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து அடைக்க வேண்டும். வேகமாக அடைத்தால் சிலிண்டர் சூடாகும், ஆறியதும் அழுத்தம் இறங்கிவிடும். யார் என்ன சொன்னாலும் வெல்டிங் கடை ஆக்சிஜனை மட்டும் அடைக்கவே அடைக்காதீர்கள். அழுத்தமான ஆக்சிஜனில் ஒரு துளி எண்ணெய் பட்டாலும் வெடிக்கும், உயிர் போகும்.

நிரப்பிய சிலிண்டரை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விடாதீர்கள். 27 பாகை வெப்பத்தில் 200 பார் இருப்பது 60 பாகையில் சுமார் 222 பார் ஆகிவிடும். சிலிண்டரில் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதியையும் குறித்து வையுங்கள். பத்தாண்டுக்கு மேல் அதைப் பயன்படுத்தக் கூடாது, போட்டியிலும் அனுமதிக்கமாட்டார்கள்.

மண்டபம் டீச்சர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உடனே பதில் எழுதாமல் மூன்று வாரம் சுட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

சைட்டைப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தேன். காக்கா சொன்னபடி இரண்டு வாரமும் வெள்ளை அட்டையில் மட்டும் சுட்டேன். முதல் மூன்று நாட்கள் மிகவும் பொறுமையைச் சோதித்தன, நான்காம் நாள் முதல் முன் சைட்டின் மேல் விளிம்பு கத்தி முனைபோலத் தெளிவாகத் தெரியத் தொடங்கியது. டிரிக்கரைத் தேவிபட்டினம் ஐயா சொன்னபடி 600 கிராமுக்குக் கூட்டினேன். இப்போது அந்தச் சுவரை ஒவ்வொரு முறையும் என் விரல் உணர்கிறது. தொண்டி அண்ணன் சொன்னதைப் படித்த அன்றே பெட்டியிலிருந்து பிஸ்டலை வெளியே எடுத்துவிட்டேன். பின்பக்கத் திருகு ஒன்றில் மட்டும் பழுப்பு ஏறத் தொடங்கியிருந்தது, துடைத்ததும் போய்விட்டது.

நேற்று 60 குண்டுகளையும் முழுமையாகச் சுட்டேன். 90, 91, 89, 90, 88, 85, மொத்தம் 533. ஆறாவது சீரிஸில் கை இன்னும் சோர்கிறது. பவுடர் தடவிப் பார்த்ததில் கட்டைவிரல் அடியில் இருந்த இடைவெளி பிளாஸ்திரியால் நிரம்பிவிட்டது. ஆனால் சுண்டுவிரலுக்குக் கீழே, ஒரு ஐம்பது பைசா நாணயம் அளவு, வெள்ளை படியாமல் இருக்கிறது. அதையும் நிரப்பிவிடலாமா?

கீழக்கரை காக்கா:

டிரிக்கர் விஷயத்தில் தேவிபட்டினம் அண்ணன் சொன்னதே சரியாக இருந்திருக்கிறது. நானாக இருந்தால் 500-லேயே பழகச் சொல்லியிருப்பேன்.

சுண்டுவிரல் இடத்தை நிரப்ப வேண்டாம், தங்கச்சி. சுண்டுவிரல் பிடியில் சும்மா படிந்திருந்தால் போதும், அது அழுத்தத் தொடங்கினால் முனை மறுபடியும் கீழே இறங்கும். கட்டைவிரல் அடியில் பிளாஸ்திரியை எடுத்துவிட்டு மரப்புட்டி வையுங்கள். முழுதாகக் காய இரண்டு நாள் விடுங்கள். ஆறாவது சீரிஸுக்கு, பெட்டியோடு பிஸ்டலை எடுத்துப்போகாத நாட்களில் வீட்டிலேயே ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தோள் உயரத்தில் அரை நிமிடம் பிடித்து, ஒரு நிமிடம் இறக்கி, இப்படிப் பத்து முறை செய்து வாருங்கள்.